பூச்சியின் இனமும் அதன் எதிரியும்: தென்னிந்தியாவில் மாவுப்பூச்சி, செதில்பூச்சிக் கட்டுப்பாட்டின் வரலாறு

செடியின் சாற்றை உறிஞ்சி வாழும் மாவுப்பூச்சி, செதில்பூச்சி வகைகளோடு தென்னிந்திய வேளாண்மைக்கு உள்ள தொடர்பைப் பேசும் நூல்கள், எந்த ஆண்டில் எந்த இயற்கை எதிரி கொண்டுவரப்பட்டது என்ற வரிசையோடு பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. வந்தவற்றில் சில ஏன் வென்றன, சில ஏன் வீணாயின என்று கேட்டால், விடை மீண்டும் மீண்டும் ஓரிடத்துக்கே இட்டுச் செல்கிறது. எந்த இனத்தைக் கையாள்கிறோம் என்பது அந்தந்தக் காலத்தில் தெரிந்திருந்ததா என்பதே அது.

இந்த வரலாறு பயிர்ப் பாதுகாப்பில் தொடங்கவில்லை, சாயத்தில் தொடங்குகிறது. கள்ளிச் சாற்றை உறிஞ்சும் கொச்சினீல் பூச்சி, வெள்ளை மெழுகுப் பஞ்சுக்குள் அசையாமல் ஒட்டிக் கிடக்கும். விரலால் நசுக்கினால் கருஞ்சிவப்பாகச் சாறு வழியும். அந்தச் சாய வணிகம் மெக்சிகோவை ஆண்ட ஸ்பெயினின் கையில் இருந்தது. அதில் பங்கு பெறக் கிழக்கிந்தியக் கம்பெனி துடித்தது. சென்னையில் கம்பெனி மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், 1780-களில் கொச்சினீலைச் சென்னையிலேயே கண்டுவிட்டதாக நம்பி, லண்டனில் இருந்த தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதங்கள் எழுதினார். அது வேறு பூச்சி, சாயம் தேறவில்லை. ஆயினும் கொச்சினீலை வளர்க்கச் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் உருவானது. 1795-இல் கேப்டன் நீல்சன் என்பவர் ரியோ டி ஜெனிரோவிலிருந்து கல்கத்தாவுக்கு உயிருள்ள பூச்சிகளைக் கொண்டுவந்து சேர்த்தார். அதுவும் மெக்சிகோவில் வளர்த்த இனமன்று. சாயம் குறைந்த காட்டினம். இன்று அதை டாக்டிலோபியஸ் சிலோனிகஸ் என்கிறோம்.

சாயத் தொழிலுக்கு உதவாத அந்தப் பூச்சி, ஒருவகைச் சப்பாத்திக்கள்ளியை வட இந்தியாவில் அடியோடு அழித்தது. அதைக் கண்டவர்கள் 1836-38 வாக்கில் வேண்டுமென்றே தென்னிந்தியாவுக்கும், 1865 வாக்கில் இலங்கைக்கும் அதை எடுத்துச் சென்றார்கள். களையை அழிக்க ஒரு பூச்சியை நாடு விட்டு நாடு கொண்டுசென்ற முதல் நிகழ்வாக இலங்கைப் பயணத்தை வரலாற்றாசிரியர்கள் குறிக்கிறார்கள். ஆனால் தமிழகத்தின் தரிசுகளை அடைத்து நின்ற மற்றொரு கள்ளியினத்தை இந்தப் பூச்சி தீண்டவில்லை. அதற்கு 1926 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு இலங்கை வழியாக வந்த டாக்டிலோபியஸ் ஒபன்ஷியே என்ற இனம்தான் அந்தக் கள்ளியைச் சாய்த்தது. பார்வைக்கு இரண்டும் ஒரே வெள்ளைப் பஞ்சு. இனத்தின் வேறுபாட்டுக்குக் கொடுத்த விலை ஏறத்தாழ 90 ஆண்டு.

இதற்கிடையே கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களை ஐசீரியா பர்ச்சேசி என்ற பஞ்சுச் செதில்பூச்சி அழித்துக்கொண்டிருந்தது. அதன் தாயகம் ஆஸ்திரேலியா என்று உறுதியான பிறகு, 1888-இல் பூச்சியியலாளர் ஆல்பர்ட் கோபெலே அங்கு அனுப்பப்பட்டார். அவர் முதலில் கப்பலில் அனுப்பியவற்றில் 129 பொறிவண்டுகள் உயிரோடு வந்து சேர்ந்தன. ரொடோலியா கார்டினாலிஸ் என்ற அந்தச் சிவப்பு வண்டு ஏறக்குறைய ஐசீரியாவை மட்டுமே தின்னும். ஓராண்டு முடிவதற்குள் தோட்டங்கள் மீண்டன.

அந்தச் செய்தி, பொறிவண்டு எதுவானாலும் போதும் என்ற மயக்கத்தையும் உலகெங்கும் பரப்பியது. 1898-இல் எச்.ஓ. நியூபோர்ட், காப்பியைத் தாக்கிய பச்சைச் செதில்பூச்சியை ஒழிக்க கிரிப்டோலேமஸ் என்ற ஆஸ்திரேலியப் பொறிவண்டைத் தென்னிந்தியாவுக்குத் தருவித்தார். பலிக்கவில்லை. இந்த வண்டு முட்டையிட மாவுப்பூச்சியின் பஞ்சுப் பொதியை நாடும்; பச்சைச் செதிலில் அந்தப் பொதி கிடையாது. ஆனால் மலைத்தோட்டங்களில் அது நிலைத்து, மாவுப்பூச்சிகளைத் தின்னத் தலைப்பட்டது. நீலகிரியில் 1928-இல் சீகை மரங்களில் ஐசீரியா தென்பட்டபோது இந்தக் குழப்பம் எழவில்லை. பூச்சி எதுவென்று தெரிந்திருந்தது, ரொடோலியா தருவிக்கப்பட்டது, கட்டுப்படுத்தியது.

இந்தத் தெளிவு எவ்வளவு பெரியது என்பதைக் காட்டியது 2008. அந்த ஆண்டு ஜூலையில் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி கண்டறியப்பட்டது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று பரவிய அது, இலைகளைச் சுருட்டியது; அதன் தேன்கழிவில் கரும்பூசணம் படர்ந்து காய்களை மூடியது. பூச்சிக்கொல்லி அடித்தார்கள், மெழுகுப் போர்வை மருந்தைத் தடுத்தது, அடித்த மருந்து உள்ளூர் எதிரிகளைத்தான் கொன்றது. கொடுமை என்னவென்றால், கிரிப்டோலேமஸின் புழுவும் வெள்ளை மெழுகு இழைகளோடு மாவுப்பூச்சி போலவே இருக்கும். சற்றுப் பெரிய, வேகமாக ஊரும் அந்தப் புழுவைப் பெரிய மாவுப்பூச்சி என்று எண்ணி மருந்தடித்த விவசாயிகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடையாளம் சொல்லித்தர வேண்டியவர்கள் சொல்லித்தந்திருக்க வேண்டும்.

மீட்பு வந்த வழியும் இனமறிதல்தான். பாராகாக்கஸ் மார்ஜினேட்டஸ் என்ற இந்த இனம் 1992-இலேயே விவரிக்கப்பட்டிருந்தது. மெக்சிகோ வட்டாரம் அதன் தாயகம் என்பதும், அதன் உடலுக்குள் முட்டையிடும் குளவிகள் எவை என்பதும் கரீபியன் தீவுகளில் நடந்த பணிகளால் தெரிந்திருந்தன. பெங்களூரின் தேசிய வேளாண் பூச்சி வளப் பணியகம் (அன்று அதற்கு வேறு பெயர்) 2010 ஜூலையில் மூன்று குளவியினங்களைப் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்தது. தனிமைச் சோதனைக்குப் பின் அக்டோபரில் தமிழகத்தில் வெளியிடப்பட்ட அவற்றுள் அசெரோபேகஸ் பப்பாயே நன்றாகப் பெருகியது. ஒட்டுண்ணி ஏறிய மாவுப்பூச்சிகள் காய்ந்து கூடாகின. சில மாதங்களில் தாக்குதல் தணிந்தது.

2020-இல் கேரளத்தின் திருச்சூரில் மரவள்ளி மாவுப்பூச்சி வந்து, சேலம், நாமக்கல் வட்டாரங்களைப் பிடித்தபோது அதே பாதைதான் பின்பற்றப்பட்டது. அதற்கான அனகைரஸ் லோபெசி குளவி, 1980-களில் ஆப்பிரிக்காவின் மரவள்ளியைக் காத்தது. பெனின் நாட்டிலிருந்து தருவித்து, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். இரண்டு முறையும் பூச்சி தென்பட்டதிலிருந்து குளவி வயலுக்கு வர ஏறக்குறைய இரண்டு ஆண்டு ஆயிற்று. தனிமைச் சோதனையின் காலத்தைக் குறைக்கச் சொல்ல மாட்டேன். 1795-இல் சோதனையே இல்லாமல் வந்த பூச்சி ஒரு கள்ளியோடு நின்றது நம் நல்ல காலம். ஆனால் அந்த இரண்டு ஆண்டும் மரவள்ளி விவசாயி கையில் தெளிப்பானோடு தனித்து நிற்கிறார். பூச்சிகளை வகைப்படுத்தும் அறிஞர்களின் பணியிடங்களும், வட்டார வேளாண் அலுவலகத்தில் ஓர் உருப்பெருக்கியும், அதில் பார்த்து அடையாளம் சொல்லத் தெரிந்த ஒருவரும் அவருக்கு அந்தக் காலத்தில் தேவை.