கோட்டையும் துணியும்: பழவேற்காட்டில் ஒரு கும்பினியின் தேய்வு

பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்குச் செல்கிறவர்கள் பெரும்பாலும் இறாலுக்காகவும் நண்டுக்காகவும், பருவம் வாய்த்தால் பூநாரைகளைக் காண்பதற்காகவும் செல்கிறார்கள். ஏரிக்கரையில் முட்புதர் மண்டிக் கிடக்கும் ஒரு மேட்டையும் அதைச் சூழ்ந்த அகழியையும் பொருட்படுத்துவோர் குறைவு. 1613இல் கட்டிமுடிக்கப்பட்ட கெல்திரியா கோட்டையின் மிச்சம் அது. அருகில் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறையின் காவலில் இருக்கிறது. அதன் வாயிலில் இரண்டு எலும்புக்கூடுகள் கல்லில் செதுக்கப்பட்டு நிற்கின்றன. வணிகம் செய்ய வந்தவர்கள் விட்டுச்சென்றவற்றில் கோட்டை சிதைந்துபோக, கல்லறைகள் எஞ்சியிருக்கின்றன.

1602இல் தொடங்கப்பெற்ற டச்சுக் கிழக்கிந்தியக் கும்பினி, பங்குகளைப் பொதுமக்களிடம் விற்று முதல் திரட்டிய பெரும் நிறுவனங்களின் முன்னோடி என்பது நாம் அறிந்ததே. 1799 டிசம்பர் 31ஆம் நாள் அதன் சாசனம் காலாவதியாயிற்று. ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் உலகக் கடல்களை ஆண்ட ஒரு நிறுவனம், நலிவுற்ற காலத்தில் எதைக் கைவிட்டிருக்க வேண்டும், எதைப் பற்றிக்கொண்டிருக்க வேண்டும்? பழவேற்காட்டைப் படிக்கும்போதெல்லாம் இக்கேள்வியே நம்மைத் தொடர்ந்து வருகிறது.

கும்பினி இக்கரைக்கு வந்ததன் காரணம் எளிமையானது. அதன் நாட்டமெல்லாம் மொலுக்குத் தீவுகளின் கிராம்பின்மீதும் சாதிக்காயின்மீதும் இருந்தது. அத்தீவினரோ வெள்ளியைவிடச் சோழமண்டலக் கரையின் துணியையே பெரிதும் விரும்பினார்கள். இக்கரையின் துணி இல்லையேல் மொலுக்குத் தீவுகளில் வணிகமே இல்லை என்று கும்பினியின் அதிகாரி ஹென்றிக் பிரவுவர் 1612லேயே கண்டுகொண்டார். விசயநகர அரசர் இரண்டாம் வேங்கடரின் ஒப்புதலோடு 1610இல் பழவேற்காட்டில் பண்டகசாலை எழுந்தது. இரண்டே ஆண்டுகளில் சாந்தோமிலிருந்து வந்த போர்த்துக்கீசியர் அதைத் தாக்கினார்கள். அதன் பின்னரே கோட்டை வந்தது.

ஆக, துணிக்காக வந்தவர்கள் துணியைக் காக்கக் கோட்டை கட்டினார்கள். பிறகு கோட்டையைக் காக்கப் படைவீரர்கள் தேவைப்பட்டார்கள். வெடிமருந்துச் சாலை அமைந்தது, நாணயச்சாலையும் அமைந்தது. இவை எல்லாவற்றுக்குமான செலவைத் துணியே ஈட்டித்தர வேண்டியிருந்தது. நெசவாளருக்கு முன்பணம் தந்து துணி திரட்டும் வேலை உள்ளூர் வணிகரிடம் இருந்தது. டச்சு ஆவணங்கள் 'மலையா' என்று குறிப்பிடும் அச்சுதப்பச் செட்டி அவர்களில் பெயர்பெற்றவர். துணியோடு மனிதர்களையும் கும்பினி ஏற்றுமதி செய்தது. 17ஆம் நூற்றாண்டின் பஞ்ச ஆண்டுகளில் பசியால் விற்கப்பட்ட ஆயிரக்கணக்கானோர் இக்கரையிலிருந்து அடிமைகளாகப் பட்டாவியாவுக்கும் பிற இடங்களுக்கும் கப்பலேற்றப்பட்டார்கள். கும்பினியின் இலாபத்தைப் பேசும் எவரும் இந்தக் கணக்கைத் தள்ளிவைத்துவிட்டுப் பேச இயலாது.

இவ்விடத்தில் நம் காலத்து நிறுவனம் ஒன்றை நினைத்துப்பார்ப்பது பயன் தரும். சப்பான் நாட்டின் செகா நிறுவனம் தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் விளையாட்டுக் கருவிகளைச் செய்துவந்தது. அத்தொழிலின் கணக்கு விந்தையானது. கருவியைப் பெரும்பாலும் நட்டத்துக்கோ அடக்கவிலைக்கோ விற்பார்கள். அதில் ஓடும் விளையாட்டுகளை விற்றே இலாபம் காண்பார்கள். கருவி கோட்டை, விளையாட்டு துணி என்று சொல்லலாம். 1998இல் செகா வெளியிட்ட 'டிரீம்காஸ்ட்' என்ற கருவி, சோனி நிறுவனத்தின் இரண்டாம் 'பிளேஸ்டேசன்' முன் நிற்க இயலாது போயிற்று. 2001 சனவரி இறுதியில் கருவித் தொழிலையே விட்டுவிடுவதாகச் செகா அறிவித்தது. அதன் தலைவர் இசாவோ ஒக்காவா தம் சொந்தச் செல்வத்தின் பெரும்பகுதியை நிறுவனத்துக்கு அளித்துவிட்டு, அடுத்த சில வாரங்களில் காலமானார். அதுவரை பகைவரின் கருவியாக இருந்த நிண்டெண்டோவின் கருவியில் அதே ஆண்டு இறுதியில் செகாவின் 'சோனிக்' ஓடியது. கோட்டையை இழந்தும் நிறுவனம் பிழைத்துக்கொண்டது.

டச்சுக் கும்பினியும் இவ்வாறு செய்திருக்கக் கூடாதா? விடை தேடுமுன் அது தேய்ந்த வழியைப் பார்ப்போம்.

1639இல் ஆங்கிலேயர் தெற்கே சில காதத் தொலைவில் சென்னைப்பட்டினத்தில் கால்கொண்டார்கள். நெசவாளரையும் வணிகரையும் அங்கே குடியேற்ற அவர்கள் ஓயாது முயன்றார்கள். 1734இல் சிந்தாதிரிப்பேட்டை உருவானதே நெசவாளர்களுக்காகத்தான். 1687இல் கோல்கொண்டா வீழ்ந்தபின் வடபகுதியில் குழப்பம் மிகுந்தது. 1690இல் கும்பினி தன் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றிக்கொண்டது. பழவேற்காடு கிளைச்சாலையாயிற்று.

18ஆம் நூற்றாண்டில் கும்பினியின் வணிக அளவு பெருகியது, இலாபமோ சுருங்கியது. ஆயினும் பங்குதாரருக்குரிய ஈவுத்தொகையைக் குறைக்க இயக்குநர்களுக்கு மனம் வரவில்லை. ஈட்டியதைவிட மிகுதியாகப் பங்கிட்டார்கள். பற்றாக்குறைக்குக் கடன் வாங்கினார்கள். ஊழியர்கள் தம் சொந்தக் கணக்கில் செய்த வணிகம் கும்பினியை உள்ளிருந்து அரித்தது. அதன் பெயரின் முதலெழுத்துகளுக்கு 'ஊழலால் அழிந்தது' என்று டச்சுக்காரர்களே பின்னாளில் எள்ளலாக விரிவு கண்டார்கள்.

1780இல் மூண்ட ஆங்கிலேய - டச்சுப் போர் இறுதி அடியாயிற்று. 1781இல் நாகப்பட்டினமும் பழவேற்காடும் ஆங்கிலேயர் வசமாயின. 1784 உடன்படிக்கையில் நாகப்பட்டினம் போனது போனதுதான். பழவேற்காடு திரும்பக் கிடைக்க, மீண்டும் தலைமையிடமாயிற்று. நூறாண்டுக்கு முன் வேண்டாமென்று விட்டுச்சென்ற வீட்டுக்கே, வேறு போக்கிடமின்றிக் கும்பினி திரும்பியது. 1795இல் ஆங்கிலேயர் மறுபடி கைப்பற்றி, 1806இல் கோட்டையைத் தகர்த்தார்கள். 1818இல் ஊரைத் திரும்பப் பெற்ற டச்சு அரசிடம் கோட்டையும் இல்லை, கும்பினியும் இல்லை. 1825இல் ஊர் இறுதியாக ஆங்கிலேயரிடம் சேர்ந்தது.

துணி என்னவாயிற்று? அது பிழைத்தது. கட்டம் போட்ட கைலியைத் தமிழகத்திலும் இலங்கையிலும் 'பாளையகாட்' என்பார்கள். மலாய் மொழியில் அது 'காயின் பெலிகாட்'. மெக்சிகோவில் கழுத்தில் கட்டும் கைக்குட்டைக்குப் 'பாலியகாத்தே' என்று பெயர். இவை யாவும் பழவேற்காடு என்ற பெயரின் திரிபுகளே என்பர். பெலிகாட் உடுத்துகிற மலாய் முதியவருக்கு முட்புதர் மண்டிய இந்த மேட்டைத் தெரியாது. ஆயினும் ஊரின் பெயரை இடுப்பில் கட்டியிருக்கிறார்.

செகாவோடு நாம் செய்த ஒப்புமை முறிவதும் இங்கேதான். சோனிக் செகாவுக்குச் சொந்தம். எவர் கருவியில் ஓடினாலும் வரும்படி அதற்கு வரும். கட்டம் போட்ட துணியோ கும்பினிக்கு ஒருபோதும் சொந்தமாக இருந்ததில்லை. அது நெசவாளரின் கையில் இருந்தது. கோட்டை, முன்பணம், பீரங்கி ஆகியவற்றால் அந்தக் கையைத் தன் பக்கம் வளைத்துவைக்க மட்டுமே கும்பினியால் முடிந்தது. அவற்றை விட்டிருந்தால் நெசவாளர் அடுத்த வணிகரிடம் போயிருப்பார். உண்மையில் போகவும் செய்தார். ஆகவே கும்பினி கோட்டையைப் பற்றிக்கொண்டது வெறும் மடமை என்று நாம் கருதவில்லை. அதற்கென்று இருந்தது கோட்டை ஒன்றுதான். தனக்கென எதையும் ஆக்காமல், பிறர் ஆக்குவதை மறித்துநின்று பிழைத்த நிறுவனத்துக்கு, மறிக்கும் ஆற்றல் போனபின் எதிர்காலம் என்று ஒன்று இருக்க முடியாது.

மேட்டிலிருந்து ஏரிப்பக்கம் திரும்பினால் இன்னொரு நிறுவனம் கண்ணில் படும். அதற்குச் சாசனம் இல்லை, பங்குப் பத்திரம் இல்லை. கோட்டைக்குப்பம் போன்ற மீனவ ஊர்களில் வழங்கும் 'பாடு' முறைதான் அது. ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலையிடுவது என்பதை ஊர் கூடி முறைவைத்துப் பங்கிடுகிறது. நல்ல இடம் ஒருவருக்கே நிலைப்பதில்லை, சுற்றி வரும். இதிலும் குறைகள் உண்டு. பாட்டில் பங்கில்லாத குப்பத்தார்க்கும் உள்ளவர்க்கும் இடையே பூசல்கள் நேர்ந்திருக்கின்றன. எனினும் இல்லாத மீனைப் பங்கிடும் வழக்கம் அதற்கு இல்லை. கடன் வாங்கி ஈவு கொடுத்த இயக்குநர்கள் அறியாத அடக்கம் அது.

அதன் எதிர்காலமும் இன்று உறுதியாக இல்லை. முகத்துவாரம் மணலால் தூர்ந்தால் கடல்நீர் ஏரிக்குள் வருவது தடைப்பட்டு, இறால் வரத்தும் மீன் வரத்தும் குறைகின்றன. தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விரிவாக்கும் திட்டம் கரையை அரிக்கும், ஏரியைக் கெடுக்கும் என்று இம்மீனவர்கள் எதிர்த்து நின்றார்கள். நானூறு ஆண்டுகளுக்கு முன் வந்தவர்களும் இக்கரையில் வணிகத்துக்கு இடம் கேட்டுத்தான் வந்தார்கள். கும்பினி வீழ்ந்தபின்னும் துணி பிழைத்ததற்குக் காரணம், நெய்யும் கைகள் பிழைத்திருந்தமைதான். ஏரி தூர்ந்துபோனால், பாட்டைப் பங்கிட ஊர் கூடினாலும் பங்கிடுவதற்கு ஒன்றும் இராது.