அடைபட்ட காரும் அதிரும் காற்றும்

மோட்டார் கார் தோன்றிய முதல் முப்பது ஆண்டுகளில் அதில் பிரயாணம் செய்தவர்கள் காற்றைப் பற்றிச் சொன்ன குறையெல்லாம், அது முகத்தில் அறைகிறது, தூசியைக் கொண்டுவந்து கண்ணில் கொட்டுகிறது என்ற அளவோடு நின்றது. ஏனெனில் அன்றைய கார்களிற் பெரும்பாலானவை மேலே துணிக்கூரையும் பக்கங்களில் வெட்டவெளியுமாக இருந்த திறந்த வண்டிகள். பின்பக்கத்து ஜன்னல் ஒன்றை மாத்திரம் இறக்கிவிட்டு விரையும்போது, செவிப்பறையை அழுத்துவதும் விடுவதுமாக, மார்புவரை துடிக்கச் செய்யும் அந்த விசித்திரமான அதிர்வை அவர்கள் அறிந்திருக்க நியாயமில்லை. காரை எல்லாப் பக்கங்களிலும் செம்மையாக அடைப்பதற்கு மனிதன் செய்த முயற்சியின் சரித்திரம் எதுவோ, அதுவே இந்த அதிர்வின் சரித்திரமும் என்பது என் கருத்து.

1919ஆம் ஆண்டில் அமெரிக்காவில் செய்யப்பட்ட கார்களில் ஏறத்தாழப் பத்தில் ஒன்றுதான் மூடிய கார். 1927க்குள் பத்தில் எட்டுக்கு மேற்பட்டவை மூடியவையாகிவிட்டன. இந்தப் பெரிய மாறுதலுக்கு உழைத்தவர்களில் முக்கியமானவர்கள், 1908இல் டெட்ராய்ட் நகரில் காரின் மேற்கட்டு செய்யும் கம்பெனியை ஆரம்பித்த ஃபிஷர் சகோதரர்கள். ஆயினும் அக்காலத்து மூடிய காரின் உடல் பெரும்பாலும் மரச்சட்டத்தின்மேல் தகடு போர்த்தியது. கூரையின் நடுப்பகுதி துணியால் ஆனது. கதவிடுக்குகளில் காற்று தாராளமாகக் கசிந்தது. கசியும் பெட்டியில் பெரிய அதிர்வு நிலைத்து நிற்பதில்லை. 1935ஆம் ஆண்டு மாடல்களில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி ஒரே எஃகுத் தகட்டினால் கூரையை அமைத்ததும், பின்னர் கதவோரங்களில் ரப்பர்ப் பட்டைகள் மேன்மேலும் நேர்த்தியானதும், காரை மழைக்கும் குளிருக்கும் அசையாத உறுதியான கலமாக்கின.

அத்தகைய கலத்தில் என்ன நிகழும் என்பதை, கார் தோன்றுவதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் முன்பாகவே, 1863இல் வெளியான தமது ஒலி பற்றிய நூலில் ஜெர்மானிய விஞ்ஞானி ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் விளக்கியிருந்தார். வெறும் குடத்தின் வாயில் குறுக்காக ஊதினால் உள்ளே அடைபட்ட காற்று அமுங்கியும் விரிந்தும் தனக்கே உரிய ஒரு சுருதியில் ஒலிக்கிறதல்லவா. அந்தச் சுருதியைக் கலத்தின் கொள்ளளவும் வாயின் பரப்பும் கழுத்தின் நீளமும் நிர்ணயிக்கின்றன. கலம் பெரிதாகச் சுருதி தாழ்கிறது. காரோ மனிதர் பலர் அமரக்கூடிய கலம். அதன் துடிப்பு வினாடிக்குப் பத்திலிருந்து இருபது தடவை வரைதான் என்பதால், மனிதச் செவி கேட்கும் எல்லையின் அடித்தளத்திலோ அதற்குக் கீழேயோ நின்று, சப்தமாகக் கேட்பதைக் காட்டிலும் அழுத்தமாக உணரப்படுகிறது. நூறு டெசிபெலைத் தாண்டும் வலிமையுடையதாயினும், குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு அழுகிறார்களே அன்றி, தமக்கு என்ன நேர்கிறது என்று சொல்ல அறியார்கள்.

குளிர்காலத்தில் கண்ணாடியில் பனி படியாமலும், புகையிலைப் புகை தேங்காமலும், கூதல் அடிக்காமலும் காற்றோட்டம் வேண்டும் என்பதற்காக ஃபிஷர் கம்பெனியார் 1933இல் கொண்டுவந்தது கதவின் முன்மூலையில் சுழலும் சிறு கண்ணாடி. அதைச் சற்றே திருப்பினால் கெட்ட காற்றை வெளியே இழுக்கும். முற்றிலும் திருப்பினால் புதுக் காற்றை மடியில் கொண்டுவந்து சேர்க்கும். பெரிய ஜன்னலைத் திறக்க வேண்டிய அவசியமே குறைந்தது. நம் நாட்டில் அம்பாசடர் காரின் முன்கதவில் இருந்த முக்கோணக் கண்ணாடியைச் சித்திரை வெயிலில் தன்பால் திருப்பி வைத்துக்கொண்டவர்கள், அது எத்தனை அருமையான சாதனம் என்பதை நன்கு அறிவார்கள். அதை இழந்தது பெரிய நஷ்டம் என்றே நான் எண்ணுகிறேன்.

1964இல் இங்கிலாந்தில் ஃபோர்டு கம்பெனியார் தங்கள் கார்ட்டினா காரில், ஜன்னல்கள் மூடியிருக்கும்போதே முன்புறத்து வாயில்களால் காற்றை ஏற்றுப் பின்புறத்தால் வெளியேற்றும் ஏற்பாட்டைச் செய்தனர். 1966ஆம் ஆண்டு மாடலான ப்யூக் ரிவியெராவிலும் ஓல்ட்ஸ்மொபில் டொரொனாடோவிலும் சிறு கண்ணாடி அடியோடு நீக்கப்பட்டது; குளிர்சாதனம் பரவப் பரவ மற்றக் கார்களும் அவ்வழியே சென்றன. சிறு கண்ணாடி போனபின் வெளிக்காற்று வேண்டியவர்கள் பெரிய ஜன்னலையே இறக்க வேண்டியதாயிற்று; அதிர்வுக்கும் வழி திறந்தது. அதன் காரணம் விளங்கியதும் அதே 1964இல்தான். விமானத்தின் அடிப்பாகத்துக் குழிகளின்மேல் காற்று பாய்வதை இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆராய்ச்சி நிலையத்தில் சோதித்த ராசிட்டர் என்ற ஆராய்ச்சியாளர், முன்விளிம்பில் பிறக்கும் சுழி பின்விளிம்பில் மோத, அங்கே எழும் அழுத்த அலை திரும்பி வந்து அடுத்த சுழியைப் பிறப்பிக்கிறது என்று காட்டினார். ஜன்னல் வாயிலும் நிகழ்வது இதுவே; வேகம் ஏற ஏறச் சுழிகளின் கதியும் ஏறி, கலத்தின் இயற்கைச் சுருதியோடு ஒன்றுபடும் கட்டத்தில் கார் முழுவதும் அதிர்கிறது. கார் ஜன்னலின் இத்துடிப்பைப் பற்றியே ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை அமெரிக்க மோட்டார் பொறியாளர் சங்கத்தின் வெளியீடாக வந்ததும் அவ்வாண்டில்தான்.

முன் ஜன்னலில் இத்தொல்லை குறைவாக இருப்பதற்குக் காரணம், முன்கண்ணாடிச் சட்டத்தின் தூணும், பின்னால் வருவதைக் காட்ட வெளியே நீண்டிருக்கும் பக்கக் கண்ணாடியும் காற்றை முன்னதாகவே கலைத்துவிடுவதாகும். பின் ஜன்னலை அடையும் காற்றோ மறுபடி ஒழுங்குபட்டு, வரிசை தப்பாத சுழிகளை உண்டாக்குகிறது. இக்காலத்தில் கூரையில் திறக்கும் ஜன்னலின் முன்னோரத்தில் எழும்பி நிற்கும் வலையோ பற்களுள்ள தகடோ அந்த ஒழுங்கைக் கலைப்பதற்கே வைக்கப்பட்டது. அத்தகைய தடுப்பு இல்லாத பின் ஜன்னலுக்கு, எதிர்ப்பக்கத்து முன் ஜன்னலைச் சிறிதளவு இறக்கிவிடுவதே போதும். கலத்துக்கு இரண்டாவது வாய் கிடைத்ததும் அழுத்தம் அதன் வழியே வெளியேறி, துடிப்பு அந்தக் கணமே தணிகிறது.