பெயர் பெறா முகங்கள்

புத்தளக் கரையோரத்தில் கமரா பயிலும் மாணவர் அறியத்தக்க வரலாறொன்று, இதே மேலைக் கரையின் தென்பால், களுத்துறையில் உளது.

இங்கிலாந்தின் வைற் தீவில் வாழ்ந்த யூலியா மார்கரெட் கமரோன் அம்மையார், 1863 இல், தமது 48ஆவது வயதிலே, மகளும் மருமகனும் அளித்த பெட்டிக் கமராவைக் கொண்டு இக்கலையைத் தொடங்கினார். கோழிக்கூடு படப்பிடிப்பறையாயிற்று, நிலக்கரி அறை இருட்டறையாயிற்று. மருந்து பூசிய கண்ணாடித் தகடு உலருமுன் படமெடுத்துக் கழுவுதல் வேண்டும். முதற் படமோ அவர்தம் கைபட்டே அழிந்தது. எனினும் அயராது முயன்று, டெனிசன், டார்வின் முதலியோரைப் படமாக்கினார்.

1875 இல் இலங்கைக்குக் குடிபெயர்ந்தவர், களுத்துறையில் எளிய மக்களையும் படம்பிடித்தார். 1878 ஆம் ஆண்டுப் படமொன்றின் தலைப்பு 'களுத்துறைக் குடியானவர் குழு' என்பதே. டார்வினின் பெயர் நிலைத்தது. இவர்தம் பெயர்கள் அத்தலைப்பில் இடம்பெறவில்லை.

ஆதலின், புத்தளத்து உப்பளங்களிலும் கற்பிட்டி மீன்வாடிகளிலும் படம்பிடிப்போர், ஒளியளவு கற்பதோடமையாது, படத்திலுள்ளாரின் பெயரையும் கேட்டெழுதுதல் கடனாகும்.