ஒரு பகலில் நான்கு காட்சிகள்

காணும் பொங்கலன்று விடிவதற்கு முன்பே கட்டுச்சோற்று மூட்டையை வண்டியில் ஏற்றிப் பூவிருந்தவல்லி நெடுஞ்சாலை வழியாகப் பட்டணம் நோக்கிப் புறப்பட்ட குடும்பங்களும், ஆவடி, அம்பத்தூர் ரயிலடிகளில் குழந்தை குட்டிகளோடு காத்திருந்து சென்ட்ரலில் போய் இறங்கிய குடும்பங்களும், அந்த ஒரே பகலுக்குள் பார்த்துத் தீர வேண்டியவை என்று வைத்திருந்த இடங்கள் நான்கு: செத்த காலேஜ், உயிர்க் காலேஜ், மூர் மார்க்கெட், கடற்கரை. செத்த காலேஜ் என்பது எழும்பூர் அருங்காட்சியகம். உயிர்க் காலேஜ் என்பது சென்ட்ரல் நிலையத்தை அடுத்த பீப்பிள்ஸ் பார்க்கில் இருந்த மிருகக்காட்சிசாலை. மேற்குப் புறநகர் ஜனங்களுடைய இந்தப் பிரயாண வழக்கத்தை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடாமல் ஊன்றி நோக்கினால், கலைச் செல்வங்களைக் காண்பதற்குக் காலத்தை எப்படிப் பங்கிடுவது என்னும் கேள்விக்குத் தலைமுறை தலைமுறையாக நம்மவர் அளித்துவந்த விடை அதிலே இருப்பது புலப்படும்.

இரண்டு காலேஜ்களும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். சென்னை இலக்கியச் சங்கத்தார் முன்வைத்த யோசனையின் பயனாக 1851-இல், புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி இருந்த கட்டடத்திலே தொடங்கப்பட்டு, காலேஜ் என்ற பெயரையும் அங்கிருந்தே சுமந்துகொண்டு 1854-இல் எழும்பூர்ப் பாந்தியன் தோட்டத்துக்கு இடம் பெயர்ந்த அந்த ஸ்தாபனத்தின் முதல் பொறுப்பாளர், எட்வர்டு பால்ஃபர் என்னும் வைத்தியர். உயிருள்ள மிருகங்களைக் கொண்டுவந்து வைத்தால் ஜனங்கள் திரளாக வருவார்கள் என்பதைக் கண்டுகொண்ட அவர், 1855-இல் அருங்காட்சியகத் தோட்டத்திலேயே ஒரு மிருகசாலையை அமைத்தார்; அது பெருகி இடம் போதாமற்போகவே 1863-இல் பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாற்றப்பட்டது. ஆகவே, பார்வையாளருடைய நேரத்தில் சிற்பத்துக்கு எவ்வளவு, புலிக்கு எவ்வளவு என்ற போட்டி பிற்காலத்தில் முளைத்ததன்று. ஸ்தாபனத்தோடு கூடவே பிறந்தது.

ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856 ஜூலை மாதம் இருப்புப்பாதை திறக்கப்பட்டதும், ஏரிகளும் வயல்களுமாக இருந்த இந்த மேற்குப் பக்கம் பட்டணத்துக்கு அருகே வந்துவிட்டது. எட்கர் தர்ஸ்டன் 1885 முதல் 1908 வரை மேலாளராக இருந்த நாட்களில், பொங்கலை ஒட்டிய நாட்களிலும் வைகுண்ட ஏகாதசியன்றும் அருங்காட்சியகம் ஜன சமுத்திரமாக மாறியது; பிற ஆடவர் கண்ணில் படாத கோஷா முறையில் இருந்த பெண்களும் வந்து காணும்படியாக அவர்களுக்கென்று தனியே நேரம் ஒதுக்கும் ஏற்பாட்டையும் அக்காலத்தில் செய்தார்கள். ஓர் அரசாங்கக் கட்டடத்தின் வாசற்படியை மிதித்தறியாத குடியானவனும் உழைப்பாளியும் இங்கே தயக்கமின்றி நுழைந்தார்கள் என்பதை இதன் சரித்திரத்திலேயே உன்னதமான அம்சமாக நான் மதிக்கிறேன்.

ஆனால் அவர்கள் கொண்டுவந்த காலத்தின் அளவோ மிகவும் சுருங்கியது. காலையில் எழும்பூர், உச்சிப் பொழுதில் மர நிழலில் கட்டுச்சோறு உண்ணும் வசதியோடு மிருகசாலை, பிறகு மூர் மார்க்கெட்டில் சில்லறைச் சாமான்கள், வெயில் தாழ்ந்ததும் கடற்கரை என்று பகல் வகுக்கப்பட்டது. 1896-இல் கன்னிமரா நூல் நிலையம் அதே வளாகத்தில் திறக்கப்பட்டது. 1909-இல் ஹென்றி இர்வின் வரைந்த திட்டப்படி செந்நிறக் கல்லால் எழும்பிய விக்டோரியா நினைவு மண்டபம், 1951-இல் அருங்காட்சியகத்தின் நூற்றாண்டு நிறைவின்போது ஜவஹர்லால் நேருவின் கையால் தேசியக் கலைக்கூடமாயிற்று. வளாகம் வளர்ந்தது, பகல் வளரவில்லை. திமிங்கலத்தின் எலும்புக்கூட்டையும் பஞ்சு அடைத்த மிருகங்களையும் கண்டு வியந்து முடிப்பதற்குள் குழந்தைகளுக்குப் பசி வந்துவிடும்; தனிக் கட்டடத்தில் இருக்கும் வெண்கலத் திருமேனிகளுக்குக் கால்மணி நேரம் மிஞ்சினால் அது அந்தக் குடும்பத்தின் பாக்கியம்.

இப்படிப் பார்த்துக்கொண்டே போவதில் உண்டாகும் தளர்ச்சி நம்மவருக்கு மட்டும் உரியதன்று. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தைச் சேர்ந்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன், ஒருவரைக் காட்சிப் பெட்டிகளின் முன் நிறுத்தி, அவர் குனிந்தும் முதுகை வளைத்தும் படும் அவஸ்தையைப் படம் பிடித்து, அருங்காட்சியகக் களைப்பைப் பற்றி 1916-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பார்ப்பவனுடைய சோர்வுக்குப் பொருள்களை வைத்திருக்கும் முறையே பெரிதும் காரணம் என்பது அவர் அபிப்பிராயம். நானோ, ஆலய தரிசனத்தில் ஊறிய நம்முடைய பழக்கத்தையும் அதனோடு சேர்த்துச் சொல்வேன். சந்நிதியில் பட்டும் மாலையும் சாத்திய மூர்த்தியைத் தீபாராதனை ஒளியில் ஒரு கணம் கண்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்வது நமக்குப் போதும். பின்னால் நிற்பவருக்கு வழிவிடுவதும் தர்மம். அதே நடையோடு அருங்காட்சியகத்தில் நகர்கிறவர், அலங்காரம் ஏதுமின்றி முன்னும் பின்னும் காணும்படி நிற்கும் வடிவத்தை, கோயிலில் காணக் கிடைக்காத அந்த முதுகின் வளைவையும் பாதத்தின் அழுத்தத்தையும், காணாமலே கடந்துவிடுகிறார்.

திருவாலங்காட்டு நடராஜரை எடுத்துக்கொள்வோம். ஆவடியில் மேற்கு நோக்கி ரயில் ஏறினால் திருவள்ளூரைத் தாண்டி அரக்கோணத்துக்கு முன்பாக வருகிற நிலையம் திருவாலங்காடு. காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து சென்றதாகச் சொல்லப்படும் இரத்தின சபை அங்கே இருக்கிறது. அவ்வூரைச் சேர்ந்த சோழர் காலத்து நடராஜத் திருமேனி இப்போது எழும்பூரில் உள்ளது. பிரெஞ்சுச் சிற்பி அகஸ்டே ரோடன் இதைப் புகைப்படங்களில் மட்டுமே பார்த்து, பார்த்ததில் தோன்றியவற்றை 1913-இல் எழுதிவைத்தார். அவர் காலமான பிறகு 1921-இல் அது அச்சேறியது. கடல் கடந்து இருந்த ஒருவர் நிழற்படத்தின் முன்னே அத்தனை நேரம் உட்கார்ந்திருக்க, இதே ரயில் பாதையில் குடியிருக்கும் நாம் அசல் மூர்த்தியின் முன்னே நின்று நிதானிக்காமல் போவது எனக்குத் தாங்க முடியாத வருத்தத்தைத் தருகிறது. தூக்கிய திருவடியிலிருந்து வீசிய கரத்துக்கும் அங்கிருந்து திருமுகத்துக்கும் கண் தானாகவே ஏறிச் செல்வதற்குச் சிறிது அவகாசம் வேண்டும். அரை மணி நேரம் அதிகமன்று. அமராவதிப் பளிங்குக் கற்களுக்கோ இன்னும் மிகுதியான சாவகாசம் தேவை. வால்டர் எலியட் 1845-இல் தோண்டியெடுத்துச் சென்னைக்கு அனுப்பியவற்றில் பெரும்பகுதி பின்னர் லண்டனுக்குக் கப்பலேறிவிட்டது என்றாலும், இங்கே எஞ்சியிருக்கும் கற்களில் ஒவ்வொன்றிலும் ஒரு கதை நெருக்கமாகச் செதுக்கப்பட்டிருப்பதால், நான்கைந்து கற்களைத் தேர்ந்துகொண்டு மற்றவற்றை வேறொரு நாளைக்கு விட்டுவிடுவதே விவேகம்.

அந்தப் பழைய ஒரு நாள் யாத்திரை 1985-இல் கலைந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் மூர் மார்க்கெட் தீக்கிரையாயிற்று; ஜூலையில் மிருகக்காட்சிசாலை வண்டலூருக்குப் போய்விட்டது. நான்கு இடங்களில் இரண்டு இல்லாமற்போனதால், எழும்பூருக்கு மிஞ்சிய நேரம் என்பது போய் முழு நேரமும் கிடைக்கக்கூடிய நிலை வந்தது. 1979-இல் மின்சார ரயில் வந்த பிறகு அம்பத்தூரிலிருந்து போய்வருவது அரை நாளைய காரியந்தான். ஆகவே வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, காலை ஒன்பதரை மணிக்குக் கதவு திறக்கும் வேளையில் சென்று, ஒரு முறை வெண்கலம், மறுமுறை அமராவதி, பிறிதொரு முறை ஆதிச்சநல்லூர்ப் புதைபொருள்கள் என்று பிரித்துப் பார்ப்பது, தொலைதூரப் பிரயாணிக்கு வாய்க்காமல் நமக்கு மட்டும் வாய்த்த சௌகரியம்.

அதே 1985-இல் மேற்குத் திசையிலும் ஒன்று தோன்றியது. பூண்டி நீர்த்தேக்கத்தின் அருகே தொல்லியல் துறையார் அமைத்த தொல்பழங்கால அகழ்வைப்பகத்தில், கொற்றலையாற்றுப் படுகையின் கற்கருவிகள் வைக்கப்பட்டுள்ளன. ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-இல் பல்லாவரத்தில் முதல் கற்கோடரியைக் கண்டெடுத்த அதே ஆண்டில் வில்லியம் கிங்கோடு சென்று கண்ட அத்திரம்பாக்கம், அங்கிருந்து அண்மையில் இருக்கிறது. அங்கே வாழ்ந்தவர்களின் கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. பூண்டிக் கூடம் சிறியது. ஒரு மணி நேரத்தில் நன்றாகப் பார்த்துவிடலாம். மிச்சப் பொழுதைக் குடியம் குகைகளுக்கு நடந்து போவதற்கு வைத்துக்கொள்வது நல்லது. அது காட்டு வழி, ஆதலால் முற்பகலிலேயே புறப்பட்டுவிட வேண்டும்.