அழகியலுக்குப் பெயர் வைத்த வாத்தியார்

தவணைப் பரீட்சை நெருங்கினால் ஆசிரியர்களாகிய நாங்கள் முதலில் கேட்டு வாங்குவது அழகியல் பாடவேளையைத்தான். "சித்திரம்தானே, கணக்கு செய்யட்டும்." நானும் கேட்டு வாங்கியிருக்கிறேன். அந்தப் பாடத்துக்குப் பெயர் வந்த கதையை வாசித்த பிறகு கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

1714இல் பேர்லினில் பிறந்தவர் அலெக்சாண்டர் பவும்கார்டன். எட்டு வயதுக்குள் உம்மா, வாப்பா இருவரும் இல்லை. ஹாலே நகரில் பக்திமான்கள் நடத்திய அநாதை இல்லப் பாடசாலையில் படித்தார். அதே ஹாலேயில்தான் கிறிஸ்டியன் வோல்ஃப் என்ற தத்துவப் பேராசிரியர், கன்பூசியஸின் ஒழுக்கத்தைப் புகழ்ந்து பேசி மதவாதிகளின் பகையைச் சம்பாதித்தார். 1723இல் அரசர் உத்தரவிட்டார்: 48 மணித்தியாலத்துக்குள் வெளியேறு, இல்லாவிட்டால் தூக்கு. பவும்கார்டன் அந்த வோல்ஃபின் தத்துவத்தைத்தான் தேடிப் படித்தார்.

படித்தவர் அப்படியே ஒப்புவிக்கவும் இல்லை. புலன்களால் அறிவது தெளிவில்லாத, கீழான அறிவு என்பது அன்றைய கணிப்பு. அது கீழானதாகவே இருக்கட்டும், ஆனால் அதற்கும் தனக்கென்று ஒரு நிறைவு உண்டு, அதற்கும் ஒரு கல்வி வேண்டும் என்றார் இவர். 1735இல் கவிதை பற்றி எழுதிய ஆய்வில் அந்தக் கல்விக்குக் கிரேக்கச் சொல்லிலிருந்து 'எஸ்தெடிக்' என்று பெயர் வைத்தார். அப்போது வயது 21!

1740இல் ஓடர் நதிக்கரையிலுள்ள பிராங்பேர்ட்டில் பேராசிரியரானார் (நாம் கேள்விப்படும் விமான நிலைய பிராங்பேர்ட் வேறு). 1742இலிருந்து அழகியலையே தனிப் பாடமாக நடத்தினார். 1750இல் லத்தீனில் 'எஸ்தெட்டிகா' முதற்பாகம் வந்தது. அடுத்த வருடமே நோய் பிடித்தது. எட்டு வருடம் கழித்து 1758இல் இரண்டாம் பாகம், அதுவும் குறையாக. 1762இல் 47 வயதில் மௌத்தானார். நூல் முடியவே இல்லை.

எனக்குப் பிடித்தது இதற்குப் பிந்திய கதை. பெரிய தத்துவஞானி இம்மானுவேல் கான்ட், அழகை அறிவின் விதிகளுக்குள் கொண்டுவரும் இவருடைய முயற்சி வீண் என்று 1781இல் அச்சிலேயே எழுதினார். ஆனால் வகுப்பில் பல பத்தாண்டுகளாக அவர் பாடநூலாக வைத்திருந்தது இதே பவும்கார்டனின் 'மெட்டாபிசிகா'வை. அவருடைய பிரதியின் ஓரமெல்லாம் சொந்தக் குறிப்புகள். கான்டின் சிந்தனை வளர்ந்த விதத்தை அறிய ஆய்வாளர்கள் இன்றும் அந்தக் குறிப்புகளைத்தான் புரட்டுகிறார்கள்.