வன்னிக் குளங்களும் சிறுநீர்ப்பைக் குருதிப்புழுவும்: கிம்வி முடிவு குறித்து ஒரு மறுபரிசீலனை

தெற்காசியாவில் சிறுநீர்ப்பையைத் தாக்கும் சிஸ்டோசோமா தொற்றைப் பற்றிய பேச்சு கிம்வியில்தான் தொடங்கும். மகாராட்டிரத்தின் இரத்தினகிரி மாவட்டத்துச் சிற்றூர் அது. அவ்வூராரிடையே இத்தொற்று நிலைகொண்டிருப்பதாக 1952இல் காட்கிலும் ஷாவும் அறிவித்தனர். புழுவைச் சிஸ்டோசோமா ஹீமடோபியம் என்றும், அதைச் சுமக்கும் நத்தையை ஃபெரிசியா டெனுயிஸ் என்றும் இனங்கண்டனர். இரண்டாவது முடிவை அப்படியே ஏற்றால், அந்நத்தை வாழக்கூடியவை என்பதால் இலங்கையில் இரணைமடு முதல் பாவற்குளம் வரை வன்னிக் குளங்கள் அத்தனையும் ஆபத்துப் பட்டியலில் ஏறிவிடும். கிம்வியில் நோய் இருந்ததை நான் மறுக்கவில்லை. மறுப்பது இந்த நீட்டிப்பையே.

முதலில் முட்டை. ஹீமடோபியத்தின் முட்டைக்கு ஒரு முனையில் முள் உண்டு. மாடு, எருமைகளைப் பற்றும் சிஸ்டோசோமா ஸ்பிண்டேலின் முட்டைக்கும் முனையில் முள் உண்டு. ஆகவே முள்ளை மட்டும் வைத்து எதையும் நிறுவ முடியாது. ஆனால் ஸ்பிண்டேல் முட்டை நீண்டு ஒடுங்கியது; வெளியேறுவது சாணத்தில். கிம்வியிலோ முட்டை மனிதரின் சிறுநீரில் வந்தது. எனவே புழுவைப் பொறுத்தவரை காட்கில், ஷா பக்கமே நியாயம் கூடுதல்.

நத்தை விடயம் வேறு. ஃபெரிசியா சுருளற்றது, கல்லிலும் இலையடியிலும் ஒட்டிக்கிடக்கும், சில மில்லிமீற்றர் நீளமான தொப்பி போன்ற ஓடு. இப்பேரினம் ஆபிரிக்காவிலும் உண்டு. அங்கே இந்நோயைச் சுமப்பது அதுவன்று, புலினஸ் நத்தைதான். எகிப்தில் 1915இல் லைப்பர் தொடங்கிய ஆய்வுகள் நிறுவியதும் இதையே. பிரான்சின் கொர்சிக்காத் தீவில், காவு ஆற்றில் குளித்தவர்களுக்கு 2013இல் இந்நோய் தொற்றியபோதும் அங்கிருந்தது புலினஸ் ட்ரன்கேட்டஸ்தான். ஓரூரில் மட்டும் ஃபெரிசியா அந்த வேலையைச் செய்திருக்கலாம். அதைத் துணைக்கண்டத்து விதியாக்க அச்சான்று போதாது. 1990இல் சவுத்கேட்டும் அக்ரவாலும் இந்தியாவில் மனிதச் சிஸ்டோசோமா நோய் என்பதைக் கேள்விக்குறியோடு தலைப்பிட்டதில் பொருள் உண்டு.

இனி இலங்கை. இங்கே புலினஸ் இல்லை. இந்தோபிளனார்பிஸ் எக்சஸ்டஸ் உண்டு. அது சுமப்பது கால்நடைப் புழுக்களை. இலங்கை மாடுகளில் ஸ்பிண்டேல் பரவியிருப்பதை 1991இல் டி பான்ட் குழுவினர் பதிவுசெய்தனர். எருமை இறங்கும் குளத்திலும் வயற்சேற்றிலும் நிற்பவரின் காலில் இதன் குடம்பி துளைத்தால் சொறி எழும். அத்தோடு குடம்பி தோலிலேயே மடியும், சிறுநீர்ப்பைக்குப் போகாது. ஹீமடோபியம் அப்படியன்று. அதன் முட்டைகள் சிறுநீர்ப்பைச் சுவரில் சிக்கிக் கழலையும் தழும்பும் சுண்ணப்படிவும் உண்டாக்கும். சிறுநீர்க்குழாய் அடைபட்டுச் சிறுநீரகம் வீங்கும். ஆண்டுகள் கழித்துச் செதிட்கலப் புற்றுநோயும் வரலாம். 1994இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் இப்புழுவை மனிதப் புற்றுக்காரணி என்றே வகைப்படுத்தியது. வவுனியாவில் பேசப்படும் காரணம் தெளியாத சிறுநீரக நோயை இதனோடு குழப்பக்கூடாது. அது சிறுநீரகத்தின் நுண்குழல்களிலேயே தொடங்குவது. கீழிருந்து வரும் அடைப்பால் விளைவதன்று.

ஏற்ற நத்தை இங்கில்லை என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு, மெலிந்ததே. தென்னாபிரிக்காவில் இப்புழுவை 1864இலேயே ஜோன் ஹார்லி விவரித்திருந்தார். 1900 ஓகஸ்ட் முதல் இலங்கை மலைநாட்டின் தியத்தலாவை முகாமில், தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்ட ஏறத்தாழ 5,000 போயர் கைதிகள் அடைக்கப்பட்டனர். நோயுள்ள ஆற்றோரங்களிலிருந்து வந்தவர் அவர்களுள் ஒருவரேனும் இருந்திருப்பர் எனக் கருதுவது மிகையாகாது. எனினும் தீவில் நோய் வேரூன்றவில்லை. மலைநாட்டுக் குளிரும் முகாமின் மலசலகூட ஒழுங்கும் காரணமாகலாம் என்ற மறுப்புக்கு வலுவுண்டு; ஆயினும் ஏற்ற நத்தை இல்லாமையே முதற்காரணம் என்பது என் துணிபு.

கிம்விக்குள் தொற்று எந்த ஆண்டில், யார் வழியாக நுழைந்தது என்பது இன்னும் முடிவாகாத கேள்வி. அது தீரும்வரை கிம்வியை விதிவிலக்காகவே கொள்வது முறை. வன்னியின் குளங்களுக்கு அஞ்சத் தேவையில்லை. மாலி, தென் சூடான் போன்ற நாடுகளில் பணியாற்றித் திரும்பியவர் சிறுநீரில் குருதி போகிறதென்று மருத்துவமனைக்கு வந்தால், அங்கே எந்த நீரில் இறங்கினீர்கள் என்று கேட்பதே இப்போதைக்குப் பயனுள்ள கேள்வி.