ஆஸ்டன்லேண்ட் (நாவல்)

அமெரிக்க எழுத்தாளர் ஷானன் ஹேல் எழுதி 2007இல் வெளிவந்த காதல் நகைச்சுவை நாவல். நியூயார்க்கில் வாழும் ஜேன் ஹேய்ஸ், ஜேன் ஆஸ்டனின் 'பிரைடு அண்ட் பிரெஜுடிஸ்' நாவலைத் தழுவிய 1995ஆம் ஆண்டின் பிபிசி தொடரில் காலின் ஃபிர்த் நடித்த நாயகன் டார்சியிடம் மனதைப் பறிகொடுத்தவள். அந்தத் தொடரின் டிவிடிகளைப் பிறர் கண்ணில் படாமல் செடித்தொட்டியில் ஒளித்துவைக்கிறாள். இதை அறிந்த பெரியபாட்டி ஒருத்தி, இங்கிலாந்தின் பெம்புரூக் பார்க் மாளிகையில் மூன்று வாரம் தங்கும் ஏற்பாட்டை உயிலில் விட்டுச்செல்கிறாள். அங்கே விருந்தினர்கள் 19ஆம் நூற்றாண்டுத் தொடக்ககால உடையில், அக்கால நடைமுறைகளோடு வாழ வேண்டும். கனவான்களாக வருவோர் சம்பளத்துக்கு நடிப்பவர்கள். எது நடிப்பு, எது நேசம் என்ற ஜேனின் தவிப்பே கதையின் உயிர். இடையிடையே வரும் அவளது பழைய காதலர்களைப் பற்றிய குட்டிக் குறிப்புகள் நாவலின் மிகச் சிறந்த பகுதி. இந்நாவலைத் தழுவி ஜெருஷா ஹெஸ் இயக்க, கெரி ரஸ்ஸல் நடித்த திரைப்படம் 2013இல் வந்தது.